தென்கடல் ஓரம்: பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை

திங்கள், சின்னப்பாலம்

பாம்பனில் தொடங்கி மன்னார் வளைகுடாக் கரையை ஒட்டியே மெதுவாகத் தூத்துக்குடி வரை போவதாகத் திட்டம். கடலிலிருந்தும் கரையிலிருந்தும் மக்கள் எதையெல்லாம் எடுக்கிறார்கள், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள், நிறுத்தச் சொல்வது யார் என்று விசாரித்துப் பார்க்க வேண்டும். இரவு அறைக்கு வந்ததும் அன்றன்று எழுதிப் போடுகிறேன். டால்பின் படம் எதிர்பார்த்து வருகிறவர்கள் மன்னிக்கவும்.

பாம்பன்காரர்களுக்குக் கடல் இரண்டு. பாக் நீரிணைப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று தொடங்கினால் அப்படியே தலைகீழ். சின்னப்பாலம் தென்கடல் ஓரத்து மீனவர் குடியிருப்பு. எதிரே குருசடைத் தீவு. கரை மணலில் நடக்க இடம் விடாமல் பழுப்பும் கருஞ்சிவப்புமாகப் பாசி காய்கிறது.

இங்கே பாசி எடுப்பது பெரும்பாலும் பெண்கள். வள்ளத்தில் தீவுப் பக்கம் போய் இறங்கி, கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்குகிறார்கள். இடுப்பில் ஒரு வலைப்பை. அடியில் கிடப்பது செத்த பவளக்கல். அதில் உரசினால் கை கிழியும், கால் கிழியும். இந்தக் கடலோரக் கிராமங்களில் சில ஆயிரம் பெண்களுக்கு இதுதான் வருமானம்.

அவர்களிடம் பெயர்கள் கேட்டுக்கொண்டேன். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி. முதல் இரண்டிலிருந்து அகர் எடுக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கிற தட்டில் கெட்டியாக இருப்பது அந்த அகர்தான். மற்ற இரண்டிலிருந்து வருவது ஆல்ஜினேட். துணியில் சாயம் அச்சடிக்கவும், ஐஸ்கிரீமைக் குழைவாக வைத்திருக்கவும், பல் மருத்துவர் பல்லுக்கு அச்சு எடுக்கவும் அது வேண்டும். 1960களில் ஆலைகள் கேட்கத் தொடங்கியதிலிருந்து இந்தக் கரையில் பாசி காசாகிறது. நம்மில் யாரும் சின்னப்பாலத்தைப் பார்த்திருக்க மாட்டோம். ஆனால் இந்தப் பாசியைத் தொடாமல் வளர்ந்தவர்களும் நம்மில் அதிகம் இருக்க மாட்டார்கள்.

சரி, எவ்வளவு எடுக்கிறார்கள்? நான் இங்கே வந்ததே இந்தக் கேள்விக்குத்தான்.

மாதத்தில் பன்னிரண்டு நாள் என்பது இங்குள்ள கணக்கு. அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள். அப்போதுதான் கடல்நீர் நன்றாக வற்றி, பவளத் திட்டுகள் ஆழம் குறைந்து கிடக்கும். நடுவில் இருக்கிற நாட்களில் போவதில்லை. கோடையில், விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலத்தை ஒட்டி, ஒரு மாதத்துக்கு மேல் பாசிக்கு முழு ஓய்வு. இரும்புச் சுரண்டி கூடாது, கையால்தான் பறிக்க வேண்டும்.

கையால் ஏன் என்று பாசியைப் புரட்டிக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் கேட்டேன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். "நுனியக் கிள்ளுனா திரும்ப வளரும் தம்பி. சுரண்டியப் போட்டு அடியோட பேத்தோம்னா அந்தக் கல்லு மொட்டைதான். அடுத்த மாசம் அதே கல்லுக்குத்தானே நான் போகணும்?"

மரிக்கொழுந்துப் பாசி மெதுவாக வளர்கிற வகை. கல்லைப் பற்றியிருக்கும் அடிப்பகுதி மிஞ்சினால்தான் மறுபடி தழைக்கும். இதைக் கடல் தாவரவியல் படித்தவர் சொன்னாலும் அந்த அக்கா சொன்னாலும் செய்தி ஒன்றுதான். அக்காவின் வாக்கியத்தில் கூடுதலாக ஒன்று இருக்கிறது: அதே கல்லுக்கு அவரே போக வேண்டும்.

நாள் கணக்கை மீறி யாராவது தனியாகப் போனால்? சிரித்தார்கள். பாசியை ஒளித்துக் காயவைக்க முடியாதாம். மணலில் விரித்தால் ஊருக்கே தெரியும். காய நாளாகும். பூட்டிய அறையில் காயவைத்தால் அழுகும். காவலுக்கு ஆள் போடாமலே விதி ஓடுகிறது என்றால், எடுக்கிற பொருளின் இந்தக் குணமும் அதற்கு ஒரு காரணம். மீனுக்கு இது பொருந்தாது, கடல் அட்டைக்கு நிச்சயம் பொருந்தாது. அட்டைக்கு நாளை வருகிறேன்.

இந்தக் கட்டுப்பாட்டுக்காகவும் பாசி எடுக்கும் உரிமைக்காகவும் முன்நின்றவர் சின்னப்பாலத்தின் லட்சுமி மூர்த்தி. தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரப்படும் ஸீகாலஜி விருது 2015இல் அவருக்குக் கிடைத்தது. அமெரிக்கா போய் விருது வாங்கி வந்தவர் திரும்ப வந்து அதே கடலில் இறங்கினார்.

விருது இருக்கட்டும், உரிமை? இந்தக் கரையோரத்தின் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். 1989இல் இன்னும் பெரிதாக, 10,500 சதுர கிலோமீட்டரில் உயிர்க்கோளக் காப்பகம். பூங்கா எல்லைக்குள் எதையும் எடுக்க 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விடாது. அம்மா எடுத்த இடத்தில் மகள் எடுத்தால் குற்றம் என்று ஆனது. அதற்குப் பிறகு இழுபறிதான். படகு பறிமுதல், பேச்சுவார்த்தை, மனு, மறுபடி பறிமுதல். அடையாள அட்டை என்ற அளவுக்கு வந்து சேரவே நெடுநாள் ஆகியிருக்கிறது. நாள் கணக்கை வைத்து, சுரண்டியை விட்டு, கோடையில் பட்டினி கிடந்து காப்பவர்கள், சட்டத்தின் கண்ணில் இன்னமும் பாதி அத்துமீறியவர்கள்.

எனக்கு இதில் ஒரு பக்கச் சாய்வு இருக்கிறது. மறைக்கவில்லை. அடுத்த மாதம் எடுக்க விடுவார்களா என்பதே தெரியாத ஒருவரிடம் அடுத்த மாதத்துக்காக இன்றைக்குக் குறைத்துக்கொள் என்று சொல்வதில் நியாயம் இல்லை.

செவ்வாய், மண்டபம்

பாலத்தைத் தாண்டி மண்டபம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கொச்சிக்குப் போவதற்கு முன், 1971 வரை, அதன் தலைமையகம் இங்கேதான் இருந்தது. இன்றும் மண்டல மையம் இயங்குகிறது.

வடகடல் பக்கம் போனால் மூங்கில் மிதவைகள் வரிசையாகக் கிடக்கின்றன. கயிற்றில் முடிந்து தொங்கவிட்டிருக்கும் பாசி கப்பாபைகஸ். பிலிப்பைன்ஸ் பக்கத்துச் சரக்கு. கிட்டத்தட்ட 45 நாளில் அறுவடை. இதிலிருந்து காரகீனன் வரும். பால் பானம், பற்பசை என்று எதிலெல்லாமோ சேர்கிற கெட்டிப்பொருள். 2000க்குப் பிறகு பெப்சி நிறுவனம் இந்தக் கரையில் ஒப்பந்த முறையில் வளர்ப்பைத் தொடங்க, மகளிர் குழுக்கள் நிறையச் சேர்ந்தன. காட்டுப் பாசியைப் பறிக்காமல் வளர்த்து எடுத்தால் கடலுக்கும் ஓய்வு, பெண்களுக்கும் காசு என்பது கணக்கு.

கணக்கு முழுக்கத் தப்பவில்லை, முழுக்கச் சரியாகவும் வரவில்லை. 2008இல் குருசடைத் தீவுப் பக்கம் உயிருள்ள பவளத்தின் மேலேயே இந்தப் பாசி படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். மேலே மூடினால் பவளத்துக்கு வெளிச்சம் போகாது, கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துவிடும். பூங்காவை ஒட்டிய தென்கடலில் வளர்ப்பு கூடாது, வடகடலில்தான் என்று மாநில அரசு 2005லேயே வரையறுத்திருந்தது. கடலுக்கு வேலி போட்டது யார்? துண்டு ஒன்று உடைந்து மிதந்தால் அதிலிருந்தே புதுச் செடி வரும் வகை இது.

இன்னொரு கூத்தும் இந்தப் பாசியில்தான் நடந்தது. 2002இல் இந்தியா பல்லுயிரியச் சட்டம் கொண்டுவந்தது. ஒரு நாட்டின் உயிர்வளத்தை வணிகத்துக்கு எடுப்பவர் அதன் பலனில் ஒரு பங்கை அந்த வளத்தைக் காப்பவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிரிய ஆணையம் ஆரம்பத்தில் செய்துகொண்ட பெரிய ஒப்பந்தங்களில் ஒன்று இந்தப் பாசி ஏற்றுமதிக்குத்தான். ஏற்றுமதி மதிப்பில் 5 சதவீதம். வசூலான 30 லட்சத்துக்கும் மேற்பட்ட ரூபாய் ராமநாதபுரம் கரையின் பாசி வளர்ப்போருக்கு என்று ஒதுக்கப்பட்டது. நல்ல காரியம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், உள்ளூர் உயிர்வளத்துக்கான முதல் பங்குகளில் ஒன்று வெளியூர்ப் பாசியின் பெயரில் வந்திருக்கிறது. மரிக்கொழுந்தை மூச்சடக்கிப் பறிக்கிற அக்காவுக்கு அந்த வரிசையில் இடமில்லை.

இப்போது வலமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா வருகிறது. 2023இல் அடிக்கல் நாட்டினார்கள். அங்கே உள்ளூர் வகைகளுக்கு விதைப்பாசி தயாராகும் என்றால் நான் முதலில் கை தட்டுவேன்.

மதியத்துக்கு மேல் பேச்சு கடல் அட்டைக்குப் போனது. எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் மண்டபத்தில் பேச்சு அங்கேதான் போகிறது. அட்டை பார்க்க ஒன்றுமில்லாத பிராணி. மணலை விழுங்கி, அதிலிருக்கும் மக்கிய சத்தை எடுத்துக்கொண்டு, சுத்தமான மணலைக் கழித்துக்கொண்டே நகரும். கடலடியை உழுகிற வேலை அதனுடையது. இந்தக் கரையில் யாரும் தின்பதில்லை. அவித்து, காயவைத்து, கிழக்காசியாவுக்கு அனுப்புவதற்காக மட்டும் எடுத்தார்கள். 1982இல் மூன்று அங்குலத்துக்குக் குறைந்த அட்டையை ஏற்றுமதி செய்யக் கூடாது என்று விதி போட்டார்கள். அதைச் சரியாக நடத்த முடியவில்லை. 2001இல் ஒரேயடியாகத் தடை, புலியோடு சேர்த்து வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில்.

தடை வந்து இத்தனை வருடம் கழித்தும் அட்டைக் கடத்தல் செய்தி வராத மாதம் குறைவு. இங்கே தடை, ஆனால் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இலங்கையில் உரிமம் வாங்கி எடுக்கலாம், வளர்க்கலாம். இங்கிருந்து திருட்டுத்தனமாக அக்கரை சேர்ந்தால் அங்கே சரக்காகிவிடும். வலையில் தற்செயலாக ஏறிய அட்டையைக் கடலில் விட்டெறியாமல் கரைக்குக் கொண்டுவந்தால் மீனவர் குற்றவாளி. இதற்கு நடுவில் இன்னொரு சங்கதி: நம் விஞ்ஞானிகள் தூத்துக்குடியில் 1988லேயே வெள்ளை அட்டையின் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உண்டாக்கிக் காட்டிவிட்டார்கள். வித்தை இங்கே இருக்கிறது, விளைச்சல் அங்கே நடக்கிறது.

தடையே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வாரி முடித்த நிலையில் கதவை அடைப்பது அவசியம்தான். அடைத்த பிறகு உள்ளே எவ்வளவு தேறியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, அதற்கேற்ப அடுத்த படிக்குப் போவதற்கு ஒரு வழி வைத்திருக்க வேண்டும் இல்லையா? கால் நூற்றாண்டு நெருங்குகிறது. கடையில் என்னோடு பேசிய அண்ணன் கேட்டது வேறு மாதிரி: "கடத்துறவன் சட்டத்துக்குப் பயப்படலண்ணே. சட்டத்துக்குப் பயந்த நாங்கதான் தொழில விட்டோம். அப்போ யாருக்குப் போட்ட தடை இது?"

புதன், கீழக்கரை

வெயில் அதிகம், பேச்சு குறைவு. கீழக்கரையில் பார் என்கிற கடலடித் திட்டைச் சுற்றி மேய்கிற மீனுக்குக் கூடு வைக்கிற வழக்கம் உண்டு. முன்பு உடைமரக் குச்சியை வளைத்துப் பின்னினார்கள். நண்டை நசுக்கி உள்ளே வைத்துக் கடலில் இறக்கிவிட்டால் மீன் தானாக வந்து ஏறும். சின்ன மீன் கண்ணி வழியே தப்பிவிடும், வேண்டாததை உயிரோடு திருப்பி விடலாம். அடிமடி வலை போட்டுக் கடலடியைத் துடைத்து எடுப்பதோடு ஒப்பிட்டால் கூடு எவ்வளவோ நாகரிகம்.

இப்போது இரும்புக் கம்பியும் நைலானும். மரக்கூடு காணாமல் போனால் கொஞ்ச நாளில் இற்றுவிடும். நைலான் கூடு அப்படியே கிடந்து, ஆளில்லாமல் மீன் பிடித்துக்கொண்டே இருக்கும். ஒரு பக்கத்தை மட்டும் சணலால் தைத்தால் போதும் என்று யோசனை சொன்னேன். கூட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் அதை ஏற்கெனவே பலர் சொல்லிவிட்டார்கள் என்று தெரிந்தது.

விசைப்படகுக்காரர்களும் நாட்டுப்படகுக்காரர்களும் மோதிக்கொள்ளாமல் இருக்க ராமேஸ்வரம் பக்கத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. வாரத்தில் மூன்று நாள் அவர்களுக்கு, நான்கு நாள் இவர்களுக்கு. 1983ஆம் ஆண்டு மாநிலச் சட்டப்படி கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு வரவே கூடாது. சுருக்குமடி, இரட்டைமடி வலைகளுக்குத் தடை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் நிறுத்தம். காகிதத்தில் நம்மிடம் குறையே இல்லை.

வியாழன், சாயல்குடி வழியாக வேம்பார்

இன்று கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேரி என்கிற செம்மணல் மேட்டில் நடந்தேன். சாயல்குடி தாண்டினால் பனை, பனை, மேலும் பனை. மாசி மாதம், பாளை வந்துவிட்டது, தொழில் தொடங்கிவிட்டது.

பனையேறும் பெரியவர் ஒருவர் விடிகாலையில் கூட வர அனுமதித்தார். கீழே நிற்கத்தான். மேலே போய்ப் பாளையைக் கடிப்பு என்ற இடுக்கியால் இதமாக நசுக்கி, பாளை அரிவாளால் நுனியை மெல்லிய சீவலாகச் சீவி, கலயத்தைக் கட்டுகிறார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருக்கிறது. அதனால் சாறு புளிக்காமல் பதநீராக நிற்கிறது. தடவாவிட்டால் கள், அதற்கு இங்கே தடை. அந்தச் சுண்ணாம்பு சிப்பியைச் சுட்டு எடுப்பது. கடலை விட்டு வந்துவிட்டதாக நினைத்தேன், கலயத்துக்குள் இருக்கிறது.

சீவல் தடிமனாகப் போனால் பாளை சீக்கிரம் தீரும். ரொம்ப மெல்லியதாகப் போனால் சாறு ஊறாது. எந்தப் பாளையைச் சீவலாம், எதை நுங்குக்கு விடலாம், எந்த மரத்துக்கு இந்த வருடம் ஓய்வு, எத்தனை ஓலை வெட்டினால் மரம் தாங்கும் என்று அவருக்கு ஒவ்வொரு மரத்தின் கணக்கும் தெரியும். ஆண்டுக்கணக்கில் அதே மரங்களில் ஏறுகிறவர்.

பனை விஷயத்தில் எனக்குப் புதிதாகப் பட்டது ஒன்று. பாசியிலும் அட்டையிலும் அளவுக்கு மீறி எடுப்பதுதான் பயம். இங்கே எடுக்க ஆளில்லாமல் போவதுதான் பயம். பெரியவரின் மகன்கள் இருவரும் ஏறுவதில்லை. ஏறச் சொல்லவும் அவருக்கு மனமில்லை. விழுந்தால் இடுப்பு போகும், விழாவிட்டாலும் முழங்கால் போகும், பெண் கொடுக்க யோசிக்கிறார்கள். ஏற ஆளில்லாத மரம் நிலத்துக்காரருக்கு நிழலும் தராத தூண். செங்கல் சூளைக்காரர் வந்து விலை கேட்டால் கொடுத்துவிடுகிறார். பலன் தர பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகிற மரம் ஒரு மாலைக்குள் லாரி ஏறிவிடுகிறது.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. வெட்டாமல் தடுக்கலாம். ஏறுவதற்கு ஆளைக் கொண்டுவருவது யார்? கருப்பட்டிக்கு நல்ல விலை கிடைத்தால் கருவி வரும், பாதுகாப்புப் பட்டை வரும், இளவட்டங்களும் வருவார்கள். விலையை யார் கெடுக்கிறார்கள் என்று வேம்பார் கடைத்தெருவில் கேட்டால் யாரும் யோசிக்காமல் பதில் சொல்கிறார்கள்: சீனி. பதநீரோடு சீனியைப் போட்டுக் காய்ச்சிக் கருப்பட்டி என்று விற்றால், உண்மையான கருப்பட்டிக்காரர் விறகுக்கூலி கூட எடுக்க முடியாது. ஆக, பனங்காட்டைக் காப்பதில் கருப்பட்டிக் கலப்படத்தைப் பிடிக்கிற உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கும் வேலை இருக்கிறது. வனத்துறை அளவுக்கு இல்லாவிட்டாலும், ஓரளவுக்கு.

உயிர்வளங்களின் பயன்பாட்டைப் பற்றி ஐபிபிஇஎஸ் என்ற பன்னாட்டு அறிவியல் குழு 2022 ஜூலையில் ஓர் அறிக்கை வெளியிட்டது. மனிதர்கள் சுமார் 50,000 காட்டு உயிரின வகைகளைப் பயன்படுத்துகிறார்கள், உலகில் ஐந்தில் ஒருவர் உணவுக்கோ வருமானத்துக்கோ அவற்றை நம்பியிருக்கிறார் என்கிறது அது. படித்தபோது பெரிய எண்ணாகத் தெரிந்தது. இந்த வாரம் பார்த்தவரை, ஒவ்வொன்றுக்கும் கதை வேறு. ஒரே விதியை 50,000க்கும் பூட்டினால் பாதி பூட்டு பொருந்தாது.

வெள்ளி, தூத்துக்குடி

சங்கு குளிக்கிறவர்களைத் தேடிக் காலையிலேயே கடற்கரைக்குப் போனேன். அவர்கள் அதற்கு முன்பே கடலுக்குப் போயிருந்தார்கள். மாலையில் பிடித்தேன்.

முன்பு மூச்சடக்கிக் குளித்தார்கள். இப்போது படகில் கம்ப்ரஸர், வாயில் குழாய். அப்பா எட்டுப் பாகம் (ஒரு பாகம் என்பது இரு கை விரித்த நீளம்) போன இடத்தில் மகன் அதைவிட ஆழம் போகிறார், அதிக நேரம் கிடக்கிறார். உடம்புக்கு அது நல்லதில்லை, சங்குக்கும் நல்லதில்லை. எடுத்த சங்கில் பெரும்பகுதி வங்காளத்துக்குப் போகிறது, கல்யாணமான பெண்கள் அணியும் சங்கு வளைக்கு. சதையைக் காயவைத்துத் தின்கிறார்கள். வாயை மூடியிருக்கும் மூடி கூட வீணாவதில்லை, ஊதுவத்திக்காரர்கள் வாங்கிக்கொள்கிறார்கள்.

சங்குக்கு ஒரு பழைய விதி உண்டு. விட்டம் 57 மில்லிமீட்டருக்குக் குறைந்ததைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும். இரண்டேகால் அங்குலம் என்று இருந்தது மில்லிமீட்டர் ஆனது, அவ்வளவுதான். சங்கின் வாழ்க்கையை அறிந்தால் இந்த விதியின் அருமை புரியும். சங்கு முட்டையிடுவது ஆட்டுக்கொம்பு போல முறுக்கிய ஓர் உறையில், அறை அறையாக. மீனவர்கள் அதைச் சங்குப்பூ என்கிறார்கள். உள்ளேயே வளர்ந்து, குட்டிச் சங்காகவே வெளியே வந்து, அங்கேயே மணலில் ஊர்ந்து பிழைக்கும். மிதந்து வேறிடம் போகிற பருவம் அதற்கு இல்லை. ஓர் இடத்தை வழித்து எடுத்துவிட்டால் பக்கத்திலிருந்து ஊர்ந்து வந்து நிரம்ப எத்தனை வருடம் ஆகுமோ.

முத்துச்சிப்பி நேர் எதிர். அதன் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து போய், பிடித்த பாரில் ஒட்டும். கொற்கைக் காலத்திலிருந்து பேர்பெற்ற முத்துக்குளிப்பு எப்போதும் அரசர் கையிலோ அரசு கையிலோதான் இருந்தது. பாரைச் சோதித்து, சிப்பி முதிர்ந்திருக்கிறதா என்று மாதிரி எடுத்துப் பார்த்து, தேறினால்தான் திறப்பார்கள். தேறாவிட்டால் ஆண்டுக்கணக்கில் மூடியே கிடக்கும். அவ்வளவு கட்டுப்பாடு. ஆனாலும் தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961. அதன்பின் திறக்கும் அளவுக்குப் பார் தேறவே இல்லை. எங்கோ தாய்ச்சிப்பி குறைந்தால் இங்கே குஞ்சு வராது, அடிமடி இழுத்தால் ஒட்டிய குஞ்சும் பெயரும். 1973இல் நம் விஞ்ஞானிகள் சிப்பிக்குள் முத்து வளர்த்துக் காட்டினார்கள், ஆனால் அது பாருக்கு உயிர் கொடுக்கவில்லை. எடுக்கும் கையை மட்டும் கட்டிப்போட்டு எல்லாவற்றையும் காத்துவிடலாம் என்று நினைத்தால் முத்துப் பார்களைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

பவளம் அடுத்த கணக்கு. சுண்ணாம்புக்கும் ஆலைக்கும் வீட்டுச் சுவருக்கும் இந்தக் கரையில் பவளக்கல்லைப் பல பத்தாண்டுகள் வெட்டினார்கள். தூத்துக்குடிப் பக்கம் இருந்த விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் நீருக்குள் போய்விட்டதற்கு அந்த வெட்டு முக்கியக் காரணம். 2001இல் பவளமும் முதல் அட்டவணைக்குப் போனது. வெட்டு உண்மையில் ஓய்ந்தது 2005 வாக்கில், சுனாமிக்குப் பிறகு. தீவுகளும் திட்டுகளும் இருக்கிற பக்கம் அலை உடைந்து வந்ததைக் கரையில் எல்லாரும் கண்ணால் பார்த்துவிட்டார்கள். இப்போது கரைந்துகொண்டிருக்கும் வான் தீவைச் சுற்றிக் கான்கிரீட் செயற்கைத் திட்டுகளை இறக்கி அலையைத் தடுக்கிறார்கள். இயற்கை சும்மா செய்த வேலையைச் சிமெண்டு வாங்கிச் செய்கிறோம்.

மாலையில் சங்குப் படகு திரும்பியது. குவியலைப் புரட்டிப் பார்த்தேன். பெரும்பாலும் பெரிய சங்கு. இளைஞர் ஒருவர், நாற்பதுக்குள் இருப்பார், தலையைத் துவட்டிக்கொண்டே பேசினார். சின்னதை நாங்கள் விட்டுவிடுகிறோம், அடிவலையிலும் விசைப்படகு மடியிலும் ஏறிவருகிற சின்னச் சங்கை யார் அளக்கிறார்கள் என்றார். கேள்வி நியாயம். ஏலக்கூடத்தில் ஒரே சாக்கில் எல்லாம் கலந்துவிடுகிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்? அவருக்குப் பதில் தயாராக இருந்தது. பார்களை ஊர் ஊராகப் பிரித்துக் கொடுக்க வேண்டும், ஒரு பாரில் குளிக்கும்போது இன்னொன்றை இரண்டு வருடம் அடைத்துவைக்க வேண்டும். கம்ப்ரஸருக்கும் நேரக்கெடு வைக்கலாம், அது எங்கள் உடம்புக்கும் நல்லது என்றார். "அடைக்கட்டும், நாங்களே காவல் கிடக்கிறோம். ஆனா திறக்கும்போது எங்களுக்குத்தான் திறக்கணும். அதை எழுத்துல கொடுக்கணும்."

பக்கத்தில் சங்கை அளந்துகொண்டிருந்த வியாபாரி தலையைத் தூக்காமலே சொன்னார்: "எழுதிக் கொடுத்தாப் பாரேன், திறக்கிற அன்னைக்கு ஊரே குளியாளு ஆயிரும்."

அதற்கும் அந்தத் தம்பி ஏதோ சொல்ல, பேச்சு சண்டை போலச் சூடாகி, கடைசியில் யார் பெயரெல்லாம் பட்டியலில் வர வேண்டும் என்பதில் போய் நின்றது. நான் கிளம்பும்போது பதினெட்டு வயது நிரம்பாதவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.